தரங்கம்பாடிக்கு வராத ரயிலும் வந்த ரயிலும்



போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் பேரன் ஒரு படம் போட்டிருந்தான். காட்டாமணக்கும் கருவேலமும் மண்டிய ஓர் இடிந்த சுவர். "தரங்கம்பாடி ரயில்வே ஸ்டேஷன், டேனிஷ்காரர்கள் கட்டியது" என்று கீழே எழுத்து. இருபது பேர் அதற்குக் கைதட்டிவிட்டார்கள். முப்பத்து நான்கு வருஷம் வரலாறு நடத்திய வாத்தியார் ஒருவன் அந்தக் குழுவில் இருக்கிறான் என்பதை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

முதலில் கணக்கைச் சரி செய்வோம். டேனிஷ்காரர்கள் 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கித் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1845-ல் வங்காளத்து சேராம்பூரையும் இதையும் சேர்த்து பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ஓடியது 1853-ல். நம் தெற்கே ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் வண்டி போனது 1856-ல். ஆகவே டேனிஷ்காரன் நம் ஊரில் தண்டவாளத்தைக் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது. தரங்கம்பாடிக்கு ரயில் வந்தது 1926-ல். கோட்டை கட்டி முந்நூறு வருஷம் கழித்து.

பேரனிடம் இதைச் சொன்னேன். "அப்படியென்றால் ஏன் தாத்தா அவ்வளவு லேட்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் தரங்கம்பாடிக்கு ஒரு யோகம் அடித்தது. தஞ்சை மாவட்டக் கலெக்டர் கச்சேரி 1845-ல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தது. ஆமாம், தஞ்சாவூர் ஜில்லா முழுவதுக்கும் தலைநகரம் நம் தரங்கம்பாடி! பதினைந்து வருஷம் அப்படி இருந்தது. 1860-ல் கச்சேரி தஞ்சாவூருக்குப் போய்விட்டது. அடுத்த வருஷமே இன்னொன்று நடந்தது. அதுதான் முக்கியம்.

1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் விட்டார்கள். 1862-ல் அது திருச்சி வரை போனது. போட்டது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி. இன்றைக்கு நாம் பார்க்கும் அகலப்பாதை அளவிலேயே அப்போது போட்டு, 1875 வாக்கில் மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். (இப்போது மறுபடி அகலமாக்கியிருக்கிறோம். நம் ஆட்கள் ஒரு சுற்று சுற்றித்தான் வருவார்கள்.)

இந்தத் தடம் தரங்கம்பாடிக்கு என்ன செய்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் நம் கடற்கரையில் நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், தரங்கம்பாடி என்று சின்னச் சின்னத் துறைமுகங்கள் வரிசையாக இருந்தன. எதிலும் கப்பல் கரைக்கு வராது. கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில்தான் சரக்கு ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். அந்த விஷயத்தில் எல்லாத் துறையும் ஒன்றுதான். உள்நாட்டிலிருந்து நெல் மாட்டு வண்டியில் வரும் வரைக்கும், பக்கத்தில் உள்ள துறைக்கே வண்டி போகும். செம்பனார்கோவில் விவசாயிக்குத் தரங்கம்பாடி பக்கம், திருவாரூர்க்காரருக்கு நாகப்பட்டினம் பக்கம். ரயில் வந்ததும் அந்தக் கணக்கு உடைந்தது. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் ஏற்றிய மூட்டை நேராக நாகப்பட்டினத்தில் போய் இறங்கும்போது, எந்த வியாபாரி முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் வடக்கே தரங்கம்பாடியில் கிடங்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்? வியாபாரம் நகர்ந்தது. கப்பலும் பின்னால் நகர்ந்தது.

தரங்கம்பாடித் துறைமுகத்தைக் கடல் கொண்டது என்று சிலர் எழுதுகிறார்கள். கடல் கோயிலின் ஒரு பகுதியைக் கொண்டது உண்மை. துறைமுகத்தைக் கொண்டது ரயில். அதுவும் இந்த ஊருக்கு வராத ரயில்.

பிறகு 1877-ல் சென்னையையும் தஞ்சாவூரையும் இணைக்கும் பாதை மாயவரம் வழியாகப் போடப்பட்டது. மாயவரத்துக்கு அதிர்ஷ்டம். தரங்கம்பாடிக்காரர்கள் முப்பது கிலோமீட்டர் மாட்டு வண்டியில் போய் ரயில் பார்க்க வேண்டும். 1898-ல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ஒரு கிளை போனது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஊர். தெற்கே கூப்பிடு தூரத்தில் பிரெஞ்சு ஊருக்கு ரயில் வந்துவிட்டது, ஆங்கிலேயர் ஆளும் நம் ஊருக்கு இல்லை. அப்போது தரங்கம்பாடியில் இருந்தவர்கள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் கற்பனை செய்து பார்ப்பதுண்டு.

இந்த இடத்தில் நம் ஜில்லாவுக்குப் பெருமையான ஒரு செய்தி. வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு இதைச் சொல்லியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் சொந்தப் பணத்தில் ரயில் போட்டது. பணம் எங்கிருந்து? நிலவரியில் ரூபாய்க்கு 3 பை கூடுதலாக வசூலித்தார்கள். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை. ஆக 192-ல் 3, அதாவது 64-ல் ஒரு பங்கு. சின்னத் தொகைதான். ஆனால் காவிரிப் பாசனத்து நிலவரி லேசானதா? அந்தச் சல்லிக்காசு சேர்ந்து மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 1894-ல் ரயில் ஓடியது. 1903 முடிவதற்குள் அறந்தாங்கி வரை போனது. சர்க்கார் போட்டது, வெள்ளைக்காரக் கம்பெனி போட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். உழுதவன் கட்டிய ரயில் அது. ஓட்டியது மட்டும் தென்னிந்திய ரயில்வே கம்பெனி.

அடுத்து 1915-ல் நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கும் கிளை வந்தது. தரங்கம்பாடியின் முறை வர இன்னும் பதினோரு வருஷம்.

இடையில் ஒரு சின்னச் செய்தி. அதே 1915-ல், ஏப்ரல் கடைசியில், காந்தி தரங்கம்பாடிக்கும் தில்லையாடிக்கும் வந்தார். தென்னாப்பிரிக்காவில் சிறைக்குப் போய் வந்து, பதினாறு வயதில் உயிர்விட்ட வள்ளியம்மையின் பூர்வீகம் தில்லையாடி. அந்த மண்ணைப் பார்க்க வந்தார். "காந்தி வந்து இறங்கிய தில்லையாடி ஸ்டேஷன்" என்று ஒருவர் என்னிடமே அடித்துச் சொன்னார். காந்தி வந்தபோது அங்கே ஸ்டேஷனும் இல்லை, தண்டவாளமும் இல்லை. சாலை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். பெரியவர் வந்த இடத்துக்கெல்லாம் ஒரு ஸ்டேஷனைக் கட்டிவிடுவது நம் வழக்கம்.

1926-ல் ஒருவழியாக மாயவரம்–தரங்கம்பாடித் தடம் திறந்தது. சுமார் 30 கிலோமீட்டர் மீட்டர் கேஜ். மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு, கடைசியில் தரங்கம்பாடி. ஆனால் அதற்குள் தரங்கம்பாடியில் துறைமுகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் செயற்கைத் துறைமுகம் வந்து பெரிய கப்பல்கள் எல்லாம் அங்கே போய்க்கொண்டிருந்தன. அந்த நாகப்பட்டினத்துக்கே இறங்குமுகம். அங்கிருந்த பெரிய ரயில்வே பட்டறையை 1920-களின் பிற்பாதியில் திருச்சி பொன்மலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நோயாளி போன பிறகு வைத்தியர் வந்த கதைதான் தரங்கம்பாடி ரயில்.

சரக்குக்கு வந்த பாதை சரக்கில்லாமல் ஜனங்களை ஏற்றிக்கொண்டு அறுபது வருஷம் ஓடியது. அந்த ஜனங்களில் நானும் ஒருவன்.

எங்கள் ஊர் ஆக்கூர்ப் பக்கம். நான் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் படித்தபோது ரயிலில்தான் போவேன். காலையில் தரங்கம்பாடியிலிருந்து வரும் வண்டி. வண்டி வருவதற்கு முன்னால் மண் வரும், அதாவது தண்டவாளத்தில் காதை வைத்தால் ஒரு அதிர்வு கேட்கும். (நீங்கள் யாரும் செய்யாதீர்கள், இப்போது வண்டி வேகம் வேறு.) கரி எஞ்சின், நாலைந்து பெட்டி, மரப்பலகை இருக்கை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். வெள்ளைச் சட்டை போட்டவன் எதிர்ப்பக்கம் உட்காருவான். முப்பது கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். எங்கள் கணக்கு வாத்தியார் அந்த வண்டியின் வேகத்தை வைத்தே ஒரு கணக்குப் போடுவார்.

தரங்கம்பாடி, பொறையாற்றுப் பக்கத்திலிருந்து மீன்கூடைப் பெண்கள் ஏறுவார்கள். கல்லூரிப் பையன்கள் முகம் சுளிப்பார்கள். ஒருநாள் ஒரு கிழவி திரும்பி, "நாத்தம்னா எறங்கி நடங்க தம்பி, வண்டி உங்களுக்கு முன்னாடி போய்டாது" என்றார். பெட்டியே சிரித்தது. அதற்குப் பிறகு நான் முகம் சுளித்ததில்லை.

டிக்கெட் தடித்த அட்டை. ஸ்டேஷன் மாஸ்டர் அதை ஒரு இயந்திரத்தின் இடுக்கில் விட்டு அழுத்துவார். டக்கென்று தேதி குத்தும். அந்தச் சத்தம்தான் எனக்கு இன்றைக்கும் பயணம் என்றால் ஞாபகம் வருவது. தரங்கம்பாடி கடைசி ஸ்டேஷன் ஆகையால் எஞ்சினைக் கழற்றிப் பக்கத்துத் தடத்தில் ஓட்டி வந்து மறுமுனையில் மாட்டுவார்கள். இதைப் பார்ப்பதற்கென்றே சிறுவயதில் அப்பாவோடு கடைசி வரை போயிருக்கிறேன். எஞ்சின் கழன்று தனியாகப் போகும்போது பெட்டிகள் அநாதையாக நிற்கும். திரும்பி வருமா என்று பயமாக இருக்கும். அப்பா என் தலையைத் தடவி, "வரும்டா" என்பார்.

மாயூரத்தில் மாட்டிக்கொண்டால் பெரிய லைன் வண்டி பிடிக்கலாம். சென்னைக்குப் போகிற மாமா, சிங்கப்பூர் போகிற சித்தப்பா எல்லோரும் இந்த வண்டியில் ஏறித்தான் முதல் கண்ணீர் விட்டார்கள்.

பிறகு பஸ் வந்தது. தனியார் பஸ் முன்பே உண்டு. 1972-ல் கும்பகோணத்தைத் தலைமையிடமாக வைத்து சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கினார்கள். மாயூரத்திலிருந்து பொறையாறு போகும் சாலை ஏறக்குறைய ரயில் பாதைக்கு இணையாகவே செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் என்று போகிறது. ஸ்டேஷன் ஊருக்கு வெளியே வயல் ஓரம், பஸ் கடைத்தெருவில் வந்து நிற்கும். ரயில் ஒரு நாளைக்குச் சில தடவை, பஸ் நினைத்தபோதெல்லாம். வேலை கிடைத்து சம்பளம் வாங்க ஆரம்பித்ததும் நானும் பஸ்ஸில் ஏறினேன். எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? ரயிலை மூடியபோது வருத்தப்பட்டுப் பேசியவர்களில் பாதிப் பேர் அந்த ரயிலில் ஏறி ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

தில்லிக் கணக்கிலும் காற்று மாறிக்கொண்டிருந்தது. நஷ்டத்தில் ஓடும் கிளைப் பாதைகளை ஆராய 1969-லேயே ஒரு குழு போட்டார்கள். 1980-களில் ரயில்வே சீர்திருத்தக் குழு நாடு முழுவதும் நாற்பது கிளைப் பாதைகளை மூடலாம் என்று பரிந்துரைத்தது. கிளைப் பாதையின் கணக்கை எழுதும் முறையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தரங்கம்பாடியில் ஏறி மாயூரத்தில் மாறிச் சென்னை போகிறவரின் காசில், இந்த முப்பது கிலோமீட்டர் பங்கு மட்டும்தான் கிளையின் வருமானம். மிச்சமெல்லாம் பெரிய லைன் வருமானம். ஆனால் அந்த ஆளைப் பெரிய லைனுக்குக் கொண்டுவந்து கொடுத்தது யார்? வாய்க்காலைத் தனியாகக் கணக்குப் பார்த்தால் எந்த வாய்க்காலும் நஷ்டம்தான். தஞ்சாவூர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1982-ல் மாயூரம் மயிலாடுதுறை ஆனது. பெயர்ப்பலகை மாறிச் சில வருஷத்துக்குள் தரங்கம்பாடி வண்டி நின்றது.

அப்போது நான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. என் வகுப்பில் மூன்று பிள்ளைகள் ரயிலில் வருவார்கள். சீசன் டிக்கெட். இரண்டு பையன்கள், ஒரு பெண். வண்டி நின்றதும் பையன்கள் இரண்டு பேரும் ஒரு பழைய சைக்கிளில் மாற்றி மாற்றி மிதித்து வந்தார்கள். அந்தப் பெண் ஒரு மாதம் பஸ்ஸில் வந்தாள். காலை நேரத்துக் கூட்டத்தில் பல நாள் பஸ் நிற்காமலே போகும். தாமதமாக வந்து வாசலில் நிற்பாள். நானும், "ஏம்மா, கொஞ்சம் சீக்கிரம் கிளம்பினால் என்ன?" என்று கேட்டிருக்கிறேன். அப்புறம் வரவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது. வரலாற்றில் என் வகுப்பில் அவள்தான் முதல். வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டும். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன். பிறகு கல்யாணம் ஆகிவிட்டது என்று சொன்னார்கள். கிளைப் பாதையின் நஷ்டக் கணக்கு எந்த நோட்டில் எழுதப்படுகிறது என்று யாராவது பேசினால் எனக்கு அந்தப் பெண்ணின் வருகைப் பதிவேட்டு வரி கண்ணில் வரும். அவளுடைய பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ இதைப் படிக்கக்கூடும். படித்தால், வாத்தியார் மறக்கவில்லை என்று பாட்டியிடம் சொல்லுங்கள்.

இப்போது பேரன் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "மற்ற ஊருக்கெல்லாம் ரயில் திரும்ப வந்திருக்கிறதே தாத்தா, இதற்கு மட்டும் ஏன் வரவில்லை?" நல்ல கேள்வி. மன்னார்குடித் தடத்தை 1976-ல் மூடினார்கள், 2011-ல் திரும்ப வந்தது. இன்று மன்னார்குடியிலிருந்து சென்னைக்கு நேர் வண்டி. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளிக்கு 2023-ல் அகலப்பாதையில் வண்டி விட்டார்கள். நாகூரிலிருந்து காரைக்காலுக்கு 2011-ல் புதிதாகவே பாதை வந்தது. பேரளம்–காரைக்கால் பழைய தடத்தையும் மறுபடி போட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்கெல்லாம் விளக்கு எரிகிறது, நம் வீடு மட்டும் இருட்டு.

நான் யோசித்த வரையில் காரணம் இது. காரைக்காலில் இப்போது நிலக்கரி இறங்கும் துறைமுகம் இருக்கிறது. அகஸ்தியம்பள்ளியில் உப்பு இருக்கிறது. மன்னார்குடி பெரிய ஊர். தரங்கம்பாடிக்கு ஏற்றி அனுப்ப ஒன்றுமில்லை. 1861-ல் போன சரக்கு இன்னும் திரும்பவில்லை, அவ்வளவுதான். அதோடு அது ஒரு முட்டுச் சந்து. கடலோடு பாதை முடிந்துவிடுகிறது. மாயூரத்திலிருந்து தரங்கம்பாடி வந்து, அப்படியே தெற்கே காரைக்காலோடு இணைத்தால் அது கிளைப் பாதை ஆகாது, வழிப் பாதை ஆகிவிடும். இந்தக் கோரிக்கை நம் பக்கத்தில் நெடுநாளாக இருக்கிறது. பயணிகள் கிடையாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று தினமும் எத்தனை வேன்கள் வருகின்றன, எண்ணிப் பாருங்கள். 2020 கடைசியில் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் அலுவலகம் எங்கே கட்டியிருக்கிறார்கள் தெரியுமா? மன்னம்பந்தலில். ஒரு காலத்தில் ஜில்லாவின் கலெக்டர் தரங்கம்பாடியில் உட்கார்ந்திருந்தார். இன்று தரங்கம்பாடிக்காரர் அவரைப் பார்க்கப் பழைய ரயில் பாதையை ஒட்டிய சாலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறார்.

தண்டவாளத்தை எப்போதோ எடுத்துவிட்டார்கள். போன மாசியில் பழைய மாணவன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் என்னை ஆக்கூரிலிருந்து திருக்கடையூர் வரை அந்தத் தடத்தை ஒட்டியே அழைத்துப் போனான். சில இடத்தில் மேடு தெரிகிறது. சில இடத்தில் மாட்டுக்கொட்டகை. ஒரு வாய்க்கால் மேல் சின்னச் செங்கல் பாலம் அசையாமல் நிற்கிறது, அடியில் தண்ணீர் ஓடுகிறது. பாலத்தின் மேல் யாரோ நெல் காயப் போட்டிருந்தார்கள்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், தாத்தாவின் டைரிக்குள், மாயூரம்–தரங்கம்பாடி அட்டை டிக்கெட்டோ சீசன் டிக்கெட்டோ, ஸ்டேஷனில் எடுத்த புகைப்படமோ இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். அந்தப் பாதையில் வேலை பார்த்த குடும்பத்தார் யாராவது இருந்தால் அவர்கள் நினைவில் உள்ளதை எழுதுங்கள், அல்லது எனக்கு போன் செய்யுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். வண்டி எந்தத் தேதியில் கடைசியாக ஓடியது, கடைசி டிரைவர் யார், அன்றைக்கு யார் ஏறினார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டிருக்கிறார்கள். போன மாதம் ஆக்கூரில் ஒருவர் போய்விட்டார்.

அண்ணன் பேரனே, படத்தின் கீழே போட்ட எழுத்தைத் திருத்து. 1926 என்று போடு.